வேலியில் நின்ற பந்தக்கால்

நாற்றுப் பண்ணைக்கு வந்து ஒருவர் "எனக்கு இந்தச் செடி வேணும்" என்று கேட்டால், உடனே பாத்திக்கு ஓடாதீர்கள். "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். நான் கேட்காமல் ஒரு செடியும் கொடுத்ததில்லை. என் கையால் வாங்கிப் போனவர் திரும்பி வந்து சண்டை போட்டதும் இல்லை.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் போர்டைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். பாத்திக்குப் பாத்தி குத்திவைத்த தகரத்தில் எழுதியிருந்த பெயர்களை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. எனக்குச் செடி என்றால், அதை யார் எதற்குக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான். நொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் வைக்கிற வீட்டுக்கு அது நெல்லில் பூச்சி வராமல் போட்டு வைக்கிற தழை. கூடை பின்னுகிறவருக்கு அது வளைத்துப் பின்னுகிற மிளாறு. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் அது வெந்நீரில் போடுகிற இலை. அகத்தி என்றால் ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் தெருக்காரர்களுக்குத் துவாதசிக் கீரை. ஆட்டுக்காரருக்கு ஆட்டுத் தழை. வெற்றிலை போடுகிறவருக்குக் கொடி ஏறுகிற கொம்பு. மூன்று பேருக்கும் ஒரே கன்றைக் கொடுத்தால் இரண்டு பேர் வைவார்கள். கீரைக்கு இளசு வேண்டும், கொடிக்கு நேராக ஓங்கியது வேண்டும்.

வாசலுக்கு வாசல் ஒரே செடிக்கு வேறு வேறு வேலை. இது எத்தனை பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால் தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அந்த வருஷம் ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் பாதி, கூரை பாதி. அதற்குள் சுற்று வட்டாரத்து ஆடு மாடெல்லாம் உள்ளே புகுந்து, சிமெண்டு மூட்டை மேல் படுத்து அசை போட ஆரம்பித்துவிட்டன. மதில் வரும்வரை சுற்றி உயிர்வேலி போட்டுக்கொடுங்கள் என்று, வடக்குப்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டியிருந்த எங்கள் பண்ணையைக் கேட்டார்கள். பண்ணையில் பெண்கள் செட்டுக்கு நான்தான் மேஸ்திரி. வேலி நன்றாகத் தழைத்தால் உள்ளே தோட்ட வேலையும் உங்கள் செட்டுக்கே என்று சொல்லியிருந்தார்கள்.

உயிர்வேலிக்குக் கல்யாண முருங்கையை விடச் சிறந்தது இந்தப் பக்கத்தில் கிடையாது. முள்முருங்கை என்றும் சொல்வார்கள். ஆள் உயரக் கொம்பாக வெட்டி ஆடி மழையில் நட்டால் போதும், தழைத்துவிடும். உடம்பெல்லாம் முள், ஆடு கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள கம்பெனி வைத்திருந்த ஆபீசர் கேரளத்துக்காரர். சின்ன வயசு, கல்யாணம் ஆகாதவர், ஊரை விட்டு முதல் தடவை வந்தவர். முதல் வண்டிக் கொம்பு இறங்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது எங்க நாட்டுல முரிக்கு! மிளகுக் கொடி இது மேலதான் ஏறும். எங்க பறம்புத் தோட்டத்துல எத்தன வச்சிருக்கோம் தெரியுமோ?"

"எங்க வூட்ல இத்த அரச்சி அடை தட்டுவோம் சார்," என்றாள் ஆரோக்கியம். பண்ணையில் என் வலதுகை அவள். மாதா கோயில் தெருக்காரி. "சளி புடிச்சா ரெண்டு அடை, போயே பூடும்."

ஏரியில் மீன் பிடிக்கிற இருளர் வீட்டுப் பெண் ஒருத்தியும் செட்டில் இருந்தாள். காய்ந்த கட்டை தக்கை மாதிரி மிதக்கும், வலைக்குக் கட்டலாம் என்று அவள் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். ரவணம்மா மட்டும் சிரித்தாள். "எங்களுக்கு இது ஆட்டுக்குத் தழ, கொல்லைக்கு வேலி. அவ்ளோதான்."

இந்த ரவணம்மாவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்; தாத்தா காலத்திலேயே இங்கே குடியேறியவர்கள். கை சுத்தமான வேலைக்காரி. அவள் ஊன்றிய கொம்பு பட்டுப்போனதாகச் சரித்திரமே கிடையாது. அவளுடைய பெண்ணும், எங்கள் செட்டிலேயே வேலை செய்த கன்னியம்மாவின் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையன் பண்ணையில் தண்ணீர் டிராக்டர் ஓட்டினான். தண்ணீர் தேவைப்படாத பாத்திக்கெல்லாம் அவன் அடிக்கடி தண்ணீர் விட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கன்னியம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பாஷ வேற, மொற வேற. அவங்க மொளகா அரைக்கிற அரைப்புக்கு எம்புள்ள வவுறு எரிஞ்சி பூடும்" என்று ஒரு வருஷம் இழுத்தாள். கடைசியில் பையன் சாப்பிட மறுத்ததும் இறங்கி வந்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவானது. "ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன்," என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள், "எங்க வூட்டு மொறையில ஒரு நூலு கொறஞ்சாலும் நான் எழுந்து பூடுவேன்." பிறகு பையனுக்காக வேண்டிக்கொண்டு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனாள். போனவள் அங்கேயே தங்கச்சி வீட்டில் தங்கி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் பாக்கு வைத்து அழைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன சமயத்தில்தான் எங்களுக்கு வேலிக்குக் கொம்பு போதவில்லை. எங்கெங்கே மரம் உண்டோ, ஆளுக்கு ஒரு திசையாகப் போய்க் கேட்டு வெட்டி வந்தார்கள். ரவணம்மா தைரியமாகத் தன் சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டாள். அவர்கள் கிணற்று மேட்டில் ஒரு பெரிய கல்யாண முருங்கை உண்டு. கன்னியம்மாவின் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தவாறே, "வெட்டிக்கினு போம்மா, மழைக்கு மறுபடி தழைச்சிக்கும்" என்று சொல்லிவிட்டார். ரவணம்மா சும்மா வெட்டுவாளா? நேரான கொம்பு ஒன்று விடாமல் கழித்து, வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் வேலியில் கேட் இருந்த கிழக்குப் பக்கம் முழுவதும் அந்த ஒரு மரம்தான்.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் கல்யாணப் பந்தலுக்கு முதல் கால் கல்யாண முருங்கைதான். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சுமங்கலிகள் சேர்ந்து நடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கொம்பைக் கொல்லையில் கொண்டுபோய் ஊன்றுவார்கள். அது தழைத்தால் குடும்பம் தழைக்கும். கிணற்று மேட்டில் நின்றது கன்னியம்மாவின் சொந்தக் கல்யாணத்துப் பந்தக்கால்! அதன் கொம்பில்தான் மகன் கல்யாணத்துக்குக் கால் நடுவேன் என்று அவன் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தெலுங்கு வீடுகளில் பந்தக்காலுக்கு நாவல் கொம்பு. ரவணம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? கட்டிலில் படுத்திருந்த மனுஷருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாழ்நாளில் எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

கன்னியம்மா திரும்பி வந்தாள், முருகனுக்கு முடி கொடுத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு. மறுநாள் பந்தக்கால் நடுகிற நாள். வெட்ட வேண்டிய கொம்பைப் பார்த்துவைக்கலாம் என்று, வந்ததும் வராததுமாக அன்று விடியற்காலையிலேயே கிணற்று மேட்டுக்குப் போனாள். பிறகு அங்கிருந்து நேராகப் பண்ணைக்கு வந்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்தே பாத்தியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"எவடி அவ? என் மரத்த மொட்ட அடிச்சவ எவடி?"

ஆரோக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா யக்கா, நீயும் மொட்ட, உன் மரமும் மொட்டயா? ஜோடிப் பொருத்தம் ஷோக்கா கீதே!"

யாரும் சிரிக்கவில்லை. ரவணம்மா கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். சம்பந்தியை அவள் தெலுங்கில் வதினா, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். "நான்தான் வதினா. வேலிக்குக் கொம்பு போதலன்னு அண்ணாகிட்ட கேட்டுத்தான்..."

"அண்ணாவா? அந்த ஆளுகிட்ட கேட்டியா? அந்த ஆளுகிட்ட கேட்டா என்னையே வெட்டிக்கினு போன்னு சொல்லுவாரு! நான் தாலி கட்டிகினப்போ நட்ட காலுடி அது. வெத்தல பாக்கு வச்சி, மஞ்சத் தண்ணி ஊத்தி, மரத்துகிட்ட கேட்டுட்டுதான் கத்தி வைக்கணும். நீ ஆட்டுத் தழைக்கு வெட்றாப்புல வெட்டிட்டு வந்து கம்பெனிக்காரனுக்கு வேலி போட்டுகீறே!"

"தெரியாம செஞ்சிட்டேன் வதினா. வேற மரத்துல..."

"வேற மரத்துல எம்புள்ளைக்குக் கல்யாணமில்ல. காலு இல்லேன்னா பந்தல் இல்ல, பந்தல் இல்லேன்னா கல்யாணம் இல்ல. முடிஞ்சிது."

டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த பையன் இறங்கவே இல்லை. ரவணம்மாவின் பெண், மண் நிரப்பிக்கொண்டிருந்த கவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். செட்டு அதற்குள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி "அவ கேட்டுட்டுதான வெட்டினா" என்றது, மறு பாதி "கேக்கவேண்டியவங்களக் கேட்டாளா" என்றது.

எனக்கு முன்னால் அங்கே மேஸ்திரியாக இருந்த அம்மாள் ஒன்று சொல்வாள்: "ரெண்டு பேரு சண்ட போட்டா நாயம் சொல்லப் போவாத. ரெண்டு பேரு கையிலயும் ஒரே வேலையக் குடு." அவளுக்குப் பள்ளிக்கூடம் எந்தத் திசை என்று தெரியாது. ஆனால் அவள் இருந்த காலத்தில் செட்டு ஒரு நாளும் உடைந்ததில்லை. நான் அதைத்தான் செய்தேன்.

"கன்னியம்மா, கொம்பு எங்கயும் ஓடிப்போகல. வேலில நின்னுகினு கீது. வா, உனக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம்."

"இன்னா மேஸ்திரியக்கா, மொற தெரிஞ்ச நீயா பேசற? ஒரு எடத்துல வேர் புடிச்சத புடுங்கி இன்னொரு எடத்துல பந்தக்கால் நடுவாங்களா? ஒரு குடும்பத்த புடுங்கினாப்புல ஆவும்."

"ஏன் யக்கா," என்றாள் ஆரோக்கியம், "நெல்லு நாத்தையே புடுங்கித்தான நடறோம். பொண்ணு மட்டும் இன்னா, நாத்து மாதிரி..."

"இந்த நாத்துக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். நான் நட்ட நாத்து உன் தலமுடிய விட ஜாஸ்தி."

அது சரியான பதில்தான். நான் கேட்டேன்: "வேர் புடிக்காத கொம்பா இருந்தா?"

"வேர் புடிக்காதது செத்த கொம்பு. அத்த வச்சி கருமாதி பண்ணலாம்."

"உசுரோட இருந்து, வேர் மட்டும் புடிக்காத கொம்பு இருந்தா?"

கன்னியம்மா என்னை முறைத்துப் பார்த்தாள். அவளும் நாற்றுப் பண்ணைக்காரிதானே, யோசித்தாள். வேர் பிடிக்காதவரை அது நட்டது ஆகாது, நிற்க வைத்ததுதான். ஒரு கொம்பை இங்கே சாய்த்து வைத்துவிட்டு அங்கே எடுத்துப்போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"இருந்தா காட்டு," என்றாள். "ஆனா என் மரத்து கொம்பா இருக்கணும்."

"காட்ட முடியாது. நீதான் தேடணும். ரவணம்மா, நீயும் வா. நட்டவ நீ."

கம்பெனிக்கு நடந்தோம். நாங்கள் நாலு பேர், பின்னால் பாதி செட்டு. இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் போனதுமே அவள் கேட்ட கொம்பை நான் பார்த்துவிட்டேன். கொம்பில் இலை விழுந்த தழும்பு இருக்கும், அதற்கு மேல்தான் மொட்டு கட்டும். கேட்டை ஒட்டி நின்ற முதல் கொம்பில் மொட்டு தழும்புக்குக் கீழே இருந்தது. தலைகீழாக நட்ட கொம்பு! பட்டை பளபளவென்று பச்சை. பக்கத்துக் கொம்பெல்லாம் தழை விட்டிருக்க, அது மட்டும் ஒரு துளிர் இல்லாமல் நின்றது. தலைகீழாக நட்டால் கொம்பு அத்தனை சீக்கிரம் வேர் விடாது.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிஷம் நான் காட்டியிருந்தால் அது என் கொம்பாக இருந்திருக்கும். "நீ சொல்லி நான் எடுத்துக்கணுமா" என்று கன்னியம்மா திரும்பிப் போயிருப்பாள். கோபம் நெஞ்சு நிறைய இருக்கிறவளிடம் விடையைக் கொடுத்தால் அதையே எடுத்து நம் மேல் எறிவாள். நான் கேட்டைத் தாண்டி, தூரத்து மூலைக்கு அவர்களை அழைத்துப் போனேன்.

"இங்கேருந்து ஆரம்பிங்க."

கொம்பு வேர் பிடித்ததா என்று பார்க்கிற விதம் உங்களுக்குத் தெரியும். இழுக்கக் கூடாது, மெதுவாகத் திருக வேண்டும். திரும்பினால் வேர் இல்லை, மண் இறுக்கிப் பிடித்தால் வேர் உண்டு. கன்னியம்மா ஒரு கொம்பைத் திருகினாள். அசையவில்லை. ரவணம்மா அடுத்ததைத் திருகினாள். அதுவும் அசையவில்லை. அப்படியே ஒவ்வொன்றாக, ஒருத்தி ஒன்று விட்டு ஒன்று, முள் குத்தக் குத்தத் திருகிக்கொண்டே வந்தார்கள். எல்லாம் மண்ணில் அடித்த ஆணி மாதிரி நின்றன. ஐயோ, ஒன்றாவது பிடிக்காமல் போயிருக்கக் கூடாதா என்று நாற்றுப் பண்ணைக்காரிகள் சாமியை வேண்டிக்கொண்டு நடந்தது உலகத்திலேயே அன்றைக்கு ஒரு தடவைதான் இருக்கும்.

பாதி தூரம் வந்ததும் கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாடி இது? ஒண்ணுகூடவா அசையாது? இப்டியா நடுவ?"

"நா நட்டா வேர் புடிக்காம போவுமா?" என்றாள் ரவணம்மா. சொல்லும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. "காலங்காத்தால வந்து ஒவ்வொண்ணுத்துக்கும் தண்ணி ஊத்தினேன் வதினா. சம்பந்தி வூட்டு மரம், நல்லா வரணும்னு ஊத்தினேன்."

கன்னியம்மா வேலியை முதல் தடவையாகத் தலை தூக்கிப் பார்த்தாள். கிழக்குப் பக்கம் முழுவதும் அவள் மரம், கொம்புக்குக் கொம்பு மூன்று மூன்று இலையாகத் துளிர்த்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "ஹூம்" என்றாள். அந்த "ஹூம்" காலையில் வந்த "எவடி"யை விடக் கொஞ்சம் தணிந்திருந்தது. ரவணம்மாவின் உள்ளங்கையில் ரத்தம் வருவதைப் பார்த்ததும் தன் முந்தானை முனையைக் கிழித்து அவள் பக்கம் எறிந்தாள். "சுத்திக்கோ. ரத்தம் கொம்புல படுது." கொம்பைத்தான் சொன்னாளாம்!

கடைசியில் கேட்டுக்கு வந்தோம். முதல் கொம்பைக் கன்னியம்மாதான் பிடித்தாள். திருகினாள். கொம்பு சுழன்றது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நகத்தால் பட்டையைக் கீறினாள். பச்சை. மறுபடியும் திருகினாள், குழந்தைக்குக் கன்னம் திருகுகிற மாதிரி.

"அடியே," என்றாள். குரலே மாறிவிட்டது. "இது எனக்காகத்தாண்டி வேர் வுடாம நின்னுகினு கீது."

பிறகு அவளும் தழும்பைப் பார்த்தாள். ரவணம்மாவும் பார்த்தாள். பார்த்ததும் ரவணம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்தக் கிழக்குப் பக்க வேலி ஆரம்பித்த அன்று, கேட்டை ஒட்டிய முதல் கொம்பை ஆபீசர் கையால் நட வைத்து போட்டோ எடுத்தார்கள். கொம்புக்குப் பூச்சுற்றிக் கொடுத்தது ரவணம்மா. தடித்த முனையில் கட்டினால்தான் பூ பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அங்கே கட்டிவிட்டாள். பூ இருக்கிற பக்கம் மேலே என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆபீசரும் அப்படியே நட்டுவிட்டார். நான் அந்த நேரத்தில் மறு கோடியில் குழி அளந்துகொண்டிருந்தேன்.

"தெய்வம்," என்று கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள். சிரிப்புதான்.

அந்தச் சமயம் பார்த்து ஆபீசர் ஓடி வந்தார். "என்ன செய்யறீங்க? யாரு புடுங்கச் சொன்னது? அது நான் நட்டது!"

இரண்டாவது சங்கடம் இது. ரவணம்மா, "சார், அது தல..." என்று ஆரம்பித்தாள். ஆரோக்கியம் அவள் காலை மிதித்தாள். அந்த ஆபீசர்ப் பையன் எத்தனை ஆசையாக அந்தக் கொம்பைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதியிருப்பான்! அவனை நாலு பேர் முன்னால் தலை குனிய வைத்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? உண்மையின் எந்தப் பாதியைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சார், இந்த மரத்துக்குச் சொந்தக்காரங்க இவங்கதான். இவங்க புள்ளைக்குக் கல்யாணம். எங்க ஊர்ல பந்தலுக்கு முதல் கால் இதுதான். இந்த வேலி முழுக்கத் தேடிப் பார்த்துட்டு, நீங்க நட்ட கொம்புதான் வேணும்னு கேக்குறாங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆபீசரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் நட்டதா? இதுதான் வேணும்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். "எங்க நாட்டுல இதுக்கு மிளகு மட்டும்தான்... கல்யாணமெல்லாம் தெரியாது. எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. எனக்கும் பத்திரிக உண்டோ?"

"நீங்க இல்லாம கல்யாணமா சார்?" என்றாள் கன்னியம்மா எழுந்து நின்று. "முதல் பந்தி உங்களுக்குத்தான்."

அவர் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் தளிர் வரலையே?"

"எடம் மாறினா வரும் சார்," என்றேன்.

ரவணம்மா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப் பாக்கு. கொம்பின் அடியில் வைத்துவிட்டு, கன்னியம்மாவைப் பார்த்து, "அன்னிக்குக் கேக்கல. இப்போ கேக்கறேன் வதினா" என்றாள். கன்னியம்மா கொம்பைப் பார்த்தபடியே, "சரி, எடு" என்றாள். பிறகு, "நீ வெட்டின, நீயே தூக்கினு வா" என்றாள். கேட்டில் விழுந்த சந்துக்குப் புதுக் கொம்பு ஒன்றை ஆரோக்கியம் ஊன்றினாள். எந்த முனை மேலே என்று செட்டு முழுவதும் ஒரே குரலில் கத்தியது. ஆபீசருக்கு அது ஏன் என்று கடைசிவரை தெரியாது.

மறுநாள் காலை, ராகு காலத்துக்கு முன்னால், கொம்புக்கு மஞ்சள் பூசி ரவணம்மா தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். பையன் வீட்டுத் தெருமுனை வந்ததும் அவள் நின்றுவிட்டாள். இதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. பந்தக்கால் நாள் தொடங்கி, தாலி ஏறும் வரை பெண்ணைப் பெற்றவள் பிள்ளை வீட்டுத் தெருவை மிதிக்கக் கூடாதாம். ரவணம்மா வீட்டு முறை அது.

கன்னியம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவள் வீட்டுக்காரர் வாசலில் வடகிழக்கு மூலையில், ஈசானி மூலை பார்த்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் முறை ஒரு பக்கம், இவள் முறை ஒரு பக்கம். நேற்று முள்ளில் கைகிழிய நடந்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. எல்லா நேரமும் மேஸ்திரிக்கு விடை தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் பழக வேண்டும்.

"வேற யாரையாவது விட்டு வாங்கிக்கினு வரச் சொல்லு," என்றார் வீட்டுக்காரர்.

கன்னியம்மா தெருமுனையைப் பார்த்தாள். ரவணம்மா வெயிலில், தோளில் கொம்போடு, கட்டுப்போட்ட கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. கொம்பைக் கீழேயும் வைக்கவில்லை. கன்னியம்மா தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நேராகத் தெருமுனைக்கு நடந்தாள். தட்டைச் சுற்றினாள். ரவணம்மாவின் தோளிலிருந்து கொம்பை இறக்காமல், அவள் காலுக்கு முன்னால் மண்ணைக் காட்டினாள்.

"யோவ், கடப்பாறைய எடுத்துகினு வா. இங்க தோண்டு."

"ஈசானி மூல அங்க கீதுமே!"

"அது வூட்டுக்கு ஈசானி மூல. தெருவுக்கு ஈசானி மூல இதுதான். தோண்டு."

அவர் தோண்டினார். எங்கள் ஊர்ச் சுமங்கலிகளோடு ரவணம்மாவும் ஒரு கை பிடிக்க, அந்தக் கொம்பு நேராக நின்றது. பந்தல்காரர் ஓலை வண்டியோடு வந்து சேர்ந்தார். காலைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், நடுவில் இருந்த தெரு முழுவதையும் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யக்கா, காலு இங்க கீது, வூடு அங்க கீது. நடுவுல இத்தினி வூடு கீதே, நான் இன்னா பண்றது?"

"நடுவுலயும் போடு," என்றாள் கன்னியம்மா.